அறுபடாத காப்பு

2009 மே இருபத்தோராம் திகதி காலை பத்து மணிக்குக் கதிர்காமன் பத்தர் தொலைபேசியில் றாஸிக்கைக் கூப்பிட்டார். யுத்தம் முடிந்து மூன்று நாள். அக்கரைப்பற்றுக் கடைத்தெருவில் பாதிக் கடைகள் பூட்டியிருந்தன. மீதிக் கடைகளில் தேசியக் கொடி தொங்கியது. றாஸிக் வந்து சேர்ந்ததும் பத்தர் நகைப்பட்டறையின் சட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளினார்.

“இருங்க தம்பி. நாலு வருசமா நெஞ்சுக்குள்ள கிடக்கிற கதை. இனி வெச்சிருக்க ஏலாது.”

றாஸிக் இருந்தான்.

“ஒங்கட மனிசிக்கு நான் செய்து தந்த காப்பு ஞாபகம் இருக்கா?”

இருந்தது. கலியாணத்துக்குச் செய்த சோடி. கொடியும் இலையும் போட்டவை. அளவு கொஞ்சம் சிறிதாகிவிட்டது. பெண்கள் சவர்க்காரம் போட்டு, மணப்பெண் ஹப்ஸாவின் விரல்களைச் சேர்த்துப் பிடித்து இழுத்து ஏற்றினார்கள். அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஏறிய காப்பு பிறகு இறங்கவே இல்லை.

“அந்த ரெண்டும் என்ட கைக்கு வந்திச்சு” என்றார் பத்தர். “சுனாமி முடிஞ்சு ஒண்டரை மாசத்தால. உருக்கித் தரச் சொல்லி.”

“ஆரு?”

“ஸைனுலாப்தீன் மரைக்கார்.”

வெளியே ஒரு ட்ரக்டர் போனது. அது போன பிறகு றாஸிக் சொன்னான்.

“மண்ணுக்குள்ள கண்டெடுத்திருப்பார், பத்தர். ஊர்ட சாமானெல்லாம் மண்ணுக்குள்ள கிடந்த நேரம்.”

“அப்பிடித்தான் அவரும் சொன்னவர். ஆனா தம்பி, அந்தத் தை மாசம் எனக்கிட்ட வந்த காப்பெல்லாம் அறுத்த காப்பு. தண்ணியில கிடந்த கை ஊதிப்போகும். அறுக்காம எடுக்க ஏலாது. ஒங்கட ரெண்டும் முழுசா வந்திச்சு. ஒரு கீறல் இல்ல. தன்பாட்டில கழண்டு விழுற காப்பா அது? ஒங்களுக்குத் தெரியும்.”

“ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?”

பத்தர் ஊதுகுழலை எடுத்துத் திரும்பவும் அதே இடத்தில் வைத்தார். “தமிழன் ஒருத்தன் முஸ்லிம் ஊர் ஆளைக் கள்ளனெண்டு சொன்னா என்ன நடந்திருக்கும்? என்ட கடை மட்டுமா எரிஞ்சிருக்கும்?”

அது உண்மை. காப்பை உருக்கியாகிவிட்டது என்பதும் உண்மை. சாட்சிக்கு வரமாட்டேன் என்று பத்தர் சொல்லவில்லை. றாஸிக் கேட்கவும் இல்லை.

*

சுனாமிக்கு முன்பு கல்முனைக்குடிக் கடற்கரை வீதியில் றாஸிக்குக்கு ஒரு வீடியோக் கொட்டில் இருந்தது. தகரக் கூரை, நாற்பது பிளாஸ்டிக் கதிரை, ஒரு பெரிய ரீவி. புதையல் படங்கள்தான் அவன் தொழில். குகை, பாம்பு, தானாய்த் திறக்கும் கல்கதவு, ஓரம் கருகிய வரைபடம், பாழடைந்த கோயிலுக்குள் பொன் சிலை. எல்லாம் இங்கிலிஸ். றாஸிக்குக்கு இங்கிலிஸ் தெரியாது. சத்தத்தைக் குறைத்துவிட்டு, ரீவிக்குப் பக்கத்தில் நின்று கதையைத் தன் வாயால் சொல்வான். விளங்காத இடத்தில் புளுகுவான். வெள்ளைக்காரி ஆற்றங்கரையில் நின்று அழுதால், “வாப்பா தந்த வீட்டை வித்துப்போட்டானே பாவி” என்பான். சனம் அவளுக்காக உச்சுக்கொட்டும்.

முன்வரிசையில் நடுக் கதிரை ஸைனுலாப்தீனுடையது. இரண்டு படகும் கரையில் மீன் காய வைக்கும் ஒரு வாடியும் வைத்திருந்தவர். மற்றவர்கள் படம் பார்த்தார்கள். அவர் நம்பினார். படம் முடிந்ததும் றாஸிக்கின் தோளைப் பிடித்துக்கொள்வார். அவரை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் றாஸிக் கூப்பிடுவான்.

“அந்தச் சிலை இப்ப எங்க கிடக்கு?”

“மியூசியத்தில காக்கா.”

“எந்த ஊர் மியூசியம்?”

“லண்டன்.”

தலையை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். பேராசைக்காரன் மண் சரிந்து மூடுண்டு சாகும் கட்டம் வந்தால் மட்டும் அவருக்குப் பொறுமை இருக்காது. தொடையில் அடித்துக் கத்துவார்: “மூடு! மூடு அவனை!”

2004 டிசம்பர் இருபத்தைந்தாம் திகதி புதுப்படம் எடுக்க றாஸிக் கொழும்புக்குப் போனான். ஹப்ஸா வீட்டில் இருந்தாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருபத்தெட்டாம் திகதி, பஸ் விட்ட இடத்தில் இருந்து நடந்து, தோளில் புதுப்படங்கள் இருந்த பையோடு ஊருக்குள் வந்தான். கொட்டில் இருந்த இடத்தில் ஒரு படகு கவிழ்ந்து கிடந்தது. மையவாடியில் நீளக் குழிகள் வெட்டி, நூற்றுக்கணக்கில் அடக்கியிருந்தார்கள். ஹப்ஸாவைக் கண்டவர் எவரும் இல்லை. பதினொரு நாள் தேடினான். அதில் இரண்டு நாள் ஸைனுலாப்தீன் கூட வந்தார். மூக்கில் லேஞ்சியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துணியாகத் தூக்கிப் பார்த்து, “இது இல்ல. இதும் இல்ல” என்றார்.

இப்போது அவர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரைக்கார். றாஸிக் சந்தையில் டீவீடி விற்கிறான்.

அக்கரைப்பற்றில் இருந்து திரும்பும் பஸ்ஸில் அவன் அந்த இரண்டு நாளைத்தான் நினைத்துக்கொண்டு வந்தான். துணியைத் தூக்கிய கை. இது இல்ல. இதும் இல்ல. அவருக்குத் தெரிந்திருந்தது. அவளைக் கண்டிருந்தார். கழற்றியிருந்தார். அவள் எங்கே கிடக்கிறாள் என்பதை அறிந்த ஒரே ஆளும் அவர்தான். பள்ளிவாசலில் போய்ச் சொன்னால் இல்லை என்பார். அத்தோடு அந்த இடமும் போய்விடும்.

வரைபடம் இல்லாதவன் படத்தில் என்ன செய்வான்? வரைபடம் உள்ளவனை முன்னால் போகவிட்டு, பின்னால் போவான்.

*

அந்த வருடம் நாடே மண்ணைத் தோண்டியது. வன்னியில் புலிகளின் தங்கம், காட்டுக்குள் ராசாக்களின் தங்கம் என்று கதை. இறக்காமம் பக்கம் பழைய கற்தூண்களுக்கு அடியில் ஆட்கள் பிடிபட்டார்கள். றவூப்பின் தேத்தண்ணிக் கடையில் அஸர் தொழுகைக்குப் பிறகு வேறு பேச்சு இல்லை. ஸைனுலாப்தீன் உள்பக்க வாங்குப் பலகையில், காற்றாடிக்குக் கீழே இருப்பார். ஆனி மாதத்தில் ஒரு நாள் றாஸிக்கும் அங்கே போனான்.

“மரைக்கார்,” என்றான் றவூப், தேத்தண்ணியை இழுத்து ஆற்றிக்கொண்டே, “சம்மாந்துறையில ஒருத்தன் கிணறு வெட்டப் போய்ப் புலிட பெட்டி எடுத்தானாம்.”

“பெட்டிக்குள்ள?”

“ரெண்டு கிழிஞ்ச கழிசான்.”

கடை சிரித்தது. ஸைனுலாப்தீன் சிரிக்கவில்லை. “அடியில பாத்தானாமா? அடித்தட்டு இருக்கும்.”

“நீங்க ஒங்கட வாடி மண்ணை முதல்ல தோண்டிப் பாருங்க காக்கா. கட்ட ஏலாத மண்ணுக்கு முள்ளுக்கம்பி அடிச்ச ஒரே ஆள் ஊரில நீங்கதான்.”

“என்ட வாப்பாட மண்ணுடா அது. கடலோரம் கட்டப்படாதெண்டு இண்டைக்குச் சட்டம் சொல்லும். நாளைக்குக் கட்டு எண்டு சொல்லும். நீ சீனியைக் குறைச்சுப் போடு.”

றாஸிக் தன் கோப்பையோடு எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தான்.

“காக்கா, ஒரு மார்க்க விசயம். மௌலவியிட்ட நீங்க கேட்டுச் சொன்னா நல்லம். நான் கேட்டா, ஏன் எதுக்கெண்டு கேப்பார்.”

“சொல்லு.”

“ஒரு மையித்தோட ஒரு சாமான் சேர்ந்து மண்ணுக்குள்ள அடங்கிட்டா, கபுறைத் திறக்கலாமா?”

“என்ன சாமான்?”

“பழைய சாமான்.”

“ஆர்ட மையித்து?”

றாஸிக் கோப்பையைப் பார்த்தான். அந்தப் பெயரை இந்த ஆளிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. “ஹப்ஸாட.”

பிறகு சொன்னான். தாழ்ந்த குரலில், விட்டுவிட்டுச் சொன்னான். வரிப்பத்தான்சேனையில் ஹப்ஸாவின் மச்சானுடைய வயலில் உழவு மெசின் ஒரு கல்பெட்டியைப் புரட்டியது. உள்ளே பெருவிரல் அளவில் ஒரு பொன் சிலை. கண்ணுக்கு இரண்டு சிவப்புக் கல். கொழும்புக்கு அவன் படம் எடுக்கப் போகவில்லை, அதை விற்க ஆள் பார்க்கப் போனான். சிலையை அலுமாரியில் வைக்க ஹப்ஸாவுக்குப் பயம். துணிப்பை தைத்து இடுப்பில் கட்டியிருந்தாள். “பஸ் ஏறப் போகக்குள்ளயும் தொட்டுப் பாத்திட்டுத்தான் போனன்.”

கூட்டம் கதிரையின் நுனிக்கு வரும் இடத்தில் வாயை மூட வேண்டும் என்பது கொட்டிலில் அவன் படித்த தொழில். மூடினான்.

ஸைனுலாப்தீனின் கோப்பை உதட்டுக்கும் வாங்குக்கும் நடுவில் நின்றிருந்தது.

“லண்டன் மியூசியத்தில வெக்கிற சாதியா?”

“அதைவிடப் பழசு.” றாஸிக் எழும்பினான். “விடுங்க காக்கா. அவ எந்தக் குழிக்குள்ள கிடக்காவோ. ஆருக்குத் தெரியும்?”

“ஓம்,” என்றார் ஸைனுலாப்தீன். “ஆருக்குத் தெரியும்.”

அடுத்த நாள் பகல் அவர் சந்தைக்கு வந்தார். டீவீடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தபடி சொன்னார்: “மௌலவியிட்ட கேட்டன். கூடாதாம். மையித்துக்கு நோவினை குடுக்கப்படாது. மறந்திரு.”

“மறந்திட்டன் காக்கா.”

*

கல்முனைக்குடிக் கரை ஒருநாளும் வெறுமையாக இருப்பதில்லை. விடியமுதல் கரைவலை இழுப்பார்கள். பகலில் வலை பொத்துவார்கள். பின்னேரம் காற்று வாங்கச் சனம் வரும். இரவில் ரோந்து வரும். வெள்ளிக்கிழமை மட்டும் படகுகள் கரையில் கிடக்கும். அன்று ஜும்ஆத் தொழுகை நேரத்தில், ஒரு மணித்தியாலத்துக்கு, அந்த மண்ணில் ஒரு ஆம்பிளை இருக்கமாட்டான். ஸைனுலாப்தீனுக்கு வேறு நேரம் இல்லை. அது றாஸிக்குக்குத் தெரியும்.

ஆகவே வெள்ளிகளில் அவன் பள்ளிவாசலின் கடைசி வரிசையில், வாசலோடு இருந்தான். சாரத்தின் மடிப்புக்குள் மீன் வெட்டும் கத்தி இருந்தது. பள்ளிக்குள் அதைக் கொண்டுவந்ததற்காக அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டான். வெளியே வைத்துவிட்டு வரவில்லை.

முதல் வெள்ளி, முன்வரிசையில் ஸைனுலாப்தீனின் வெள்ளைத் தொப்பி இருந்தது. இரண்டாம் வெள்ளியும் இருந்தது. ஒருவேளை பத்தர் ஆளைப் பிழையாகச் சொல்லியிருப்பாரோ என்று றாஸிக் நினைத்தான். நினைத்தபோது வந்தது ஆறுதல் இல்லை, ஏமாற்றம். தனக்குள் என்ன இருக்கிறது என்று அன்று அவனுக்குத் தெரிந்தது.

மூன்றாம் வெள்ளி அந்த இடம் வெறுமையாக இருந்தது.

மௌலவி மிம்பர் மேடையில் ஏறி சலாம் சொன்னார். றாஸிக் எழுந்தான். பக்கத்தில் இருந்தவன் சாரத்தைப் பிடித்தான். “இருகா, குத்பா தொடங்கிட்டு.”

கையைத் தட்டிவிட்டு இறங்கினான்.

ஒழுங்கைகளில் ஒருவரும் இல்லை. ஒலிபெருக்கியில் பிரசங்கம் அவனோடு கூடவே கடற்கரை வரைக்கும் வந்தது. முழு ஊரிலும் அந்த நேரத்தில் வெளியே நின்றது ஒரேயொரு மோட்டார் சைக்கிள். வாடி மண்ணின் முள்ளுக்கம்பி வேலியோடு சாத்தியிருந்தது.

றாஸிக் நின்றான். நாலரை வருடம் இந்த வேலி ஓரத்தால் நடந்திருக்கிறான். ஒருநாள் செருப்பில் தாழை முள் ஏறியபோது, இந்தக் கம்பிக்கட்டையைப் பிடித்துக்கொண்டுதான் அதைப் பிடுங்கினான். உள்ளே இரண்டு தென்னங்கன்று. ஸைனுலாப்தீன் நட்டு, வாளியில் தண்ணீர் ஊற்றி வளர்த்தவை.

கன்றுகளுக்கு நடுவில் குழி இருந்தது.

கரைமண்ணை வெட்டத் தெரிந்த மீன்காரன் பக்கத்தைச் சரித்துச் சரித்து வெட்டுவான், மண்ணைத் தூரத்தில் கொட்டுவான். இவர் நேராக வெட்டியிருந்தார். மண்ணை விளிம்பிலேயே குவித்திருந்தார். தொழுகை முடிவதற்குள் முடித்துவிட வேண்டிய அவசரம். படங்களில் வெட்டுவது போலவே வெட்டியிருந்தார். மண்வெட்டி மேலே கிடந்தது. அவர் குழிக்குள் முழங்காலில் இருந்து, கையால் துழாவிக்கொண்டிருந்தார்.

றாஸிக்கின் நிழல் உள்ளே விழுந்தது. ஸைனுலாப்தீன் நிமிர்ந்தார்.

றாஸிக் குவித்த மண்ணில் காலை வைத்தான். சரியும் என்று தெரிந்துதான் வைத்தான். பெரிய சத்தம் எதுவும் இல்லை. ஒரு பக்கம் இறங்கியது. பிறகு மறுபக்கம். அது அடங்கியபோது மண் ஸைனுலாப்தீனின் நெஞ்சுக்கு வந்திருந்தது. ஒரு கை உள்ளே. ஒரு கை வெளியே. வெளியே இருந்த கையில் ஒரு துண்டுத் துணி. பச்சையில் வெள்ளைப் புள்ளி, நைலெக்ஸ் சேலை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு றாஸிக் எடுத்துக் கொடுத்தது. நிறம் மங்கவே இல்லை.

“றாஸிக். அல்லாவுக்காகக் கையைத் தா.”

அவன் கொடுக்கவில்லை.

“பை இல்லடா,” என்றார் ஸைனுலாப்தீன். மூச்சு முட்டியது. “இடுப்பெல்லாம் பாத்திட்டன். பை இல்ல.”

“ஓம். பை இருக்கல்ல. அது நான் சொன்ன கதை.”

அவர் மேலே பார்த்தபடி இருந்தார். கொட்டிலில் படம் முடிந்து விளக்குப் போடும்போது முன்வரிசையில் இருக்கும் முகம்.

“சிலை?”

“சிலையும் இல்ல.”

குத்பா நடந்துகொண்டிருந்தது. பொறுமையைப் பற்றி மௌலவி சொல்லிக்கொண்டிருந்தார். ஸைனுலாப்தீன் ஒரு தடவை உடம்பை உலுக்கினார். மண் இன்னும் கொஞ்சம் இறுகியது.

“நான்தான் அடக்கினன்,” என்றார். “கிப்லாவுக்கு முகம் வெச்சு அடக்கினன். ஆரும் இல்ல. மறுகா கடல் வருதெண்டு சனமெல்லாம் ஓடிட்டு. தனிய நிண்டு அடக்கினன். நாய்க்கா விட்டுட்டுப் போனன்? சொல்லு. நாய்க்கா விட்டன்?”

“எத்தின மணிக்குக் கண்டாய்?”

ஊரில் ஸைனுலாப்தீனை நீ என்று கூப்பிடும் வயதில் றாஸிக் இல்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை.

“வெள்ளன. கடல் வத்திக் கொஞ்ச நேரத்தால. பத்து மணி இருக்கும்.”

“எங்க?”

“இந்தத் தாழம்பத்தைக்குள்ள. கால் கொழுவிக் கிடந்தா.”

“கிடந்தா.”

“ஓம்.”

“என்னோட ரெண்டு நாள் தேடினாய்.”

ஸைனுலாப்தீன் கண்ணை மூடினார். “சொல்லியிருப்பன். சத்தியமாச் சொல்லியிருப்பன். காப்பு எங்கயெண்டு கேப்பாய். என்ட படகு ரெண்டும் போயிட்டு, வீடு போயிட்டு, புத்தி மாறின நேரம். காப்பு செய்து தாறன் றாஸிக். அதே கொடி, அதே இலை. அதே பத்தரிட்டச் செய்விச்சுத் தாறன்.”

றாஸிக் மண்வெட்டியை எடுத்தான். பிடி இன்னும் ஈரமாக இருந்தது. பள்ளிவாசலில் தொழுகைக்கு எழும்ப இகாமத் சொன்னார்கள். இனி இரண்டு ரக்அத், பிறகு துஆ. பத்து நிமிசத்தில் முதல் ஆள் கடற்கரைக்கு வந்துவிடுவான். வெளியே இருப்பது ஒரு தலையும் ஒரு கையும். ஐந்தாறு வெட்டு மண் போதும்.

குழியின் ஒரு மூலையில் இன்னும் கொஞ்சம் பச்சைத் துணி தெரிந்தது. நாலரை வருடம் அவள் அதற்குள் தொழும் திசையை, கிப்லாவை, பார்த்துக் கிடந்தாள். ஒருவரும் தொடவில்லை. இன்று அவளைத் தோண்டியது இவர் கை. தோண்டவைத்தது றாஸிக்கின் வாய். அதை அவன் ஒரு தரம் நினைத்தான். பிறகு நினைக்கவில்லை.

பத்தர் சொன்னதை நினைத்தான். ஒரு கீறல் இல்ல. கலியாண வீட்டில் அந்தக் காப்பை ஏற்ற மூன்று பெண்கள் வேண்டியிருந்தது. இறக்குவது இன்னும் சிரமம். அவசரக்காரன் அறுப்பான். இவரிடம் அறுக்க ஒன்றும் இருந்திருக்காது. இழுத்திருப்பார். கடல் தண்ணீரில் ஊறிய கையைத் தொடைக்குள் இடுக்கிக்கொண்டு, விரல்களைச் சேர்த்துப் பிடித்து, நேரம் எடுத்து இழுத்திருப்பார். அவள் உதட்டைக் கடித்தாளா?

தொழுகை தொடங்கிவிட்டது. முதலாம் ரக்அத். ஓதுவது தெளிவாகக் கேட்டது.

“தோண்டு றாஸிக்,” ஸைனுலாப்தீன் அழுதார். “மூச்சு வருதில்ல. தோண்டு.”

றாஸிக் விளிம்பில் இருந்து ஓரடி தள்ளிக் குந்தினான். மண்வெட்டியை முழங்காலுக்குக் குறுக்கே வைத்தான். மூடவும் தோண்டவும் அது ஒன்றுதான் இருந்தது.

“காப்பைக் கழட்டக்குள்ள,” என்றான், “அவட கை சூடா இருந்திச்சா, குளிரா இருந்திச்சா?”